இடப்பக்கத்துச் சுவிச்

புளியங்குளம் சந்திக்கு இன்னும் ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம் இருக்கும்போது பிக்கப்பின் டாஷ்போர்ட்டுக்குக் கீழிருந்து புகை வந்தது. வீதியோரத்தில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். இடப்பக்கத்தில் இருந்த மனைவி கத்தியிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. ஷெல் விழுந்த ஒரு நாளிலிருந்து என் வலது காது அறவே கேட்காது. இடது காது, பக்கத்தில் நின்று உரத்துச் சொன்னால் கேட்கும். எஞ்சின் ஓடினால் காதோடு வந்து கத்த வேண்டும். அவள் தோளில் ஓங்கி அடித்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு வயர் சிவந்து, மேல்தோல் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

வண்டியை ஓரங்கட்டி, பொனற்றைத் திறந்து, பற்றரியைக் கழற்றச் சாவி தேடினேன். அதற்குள் அவள் மரக்கன்றுகளுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை அப்படியே டாஷ்போர்ட்டுக்குள் கவிழ்த்துவிட்டாள்.

"கறண்டுக்குத் தண்ணி ஊத்துறதே? விசரோ உமக்கு?" என்று பைத்தியக்காரியைக் கேட்பதுபோலக் கத்தினேன்.

"நான் நெருப்புக்குத்தான் ஊத்தினனான்," என்றாள்.

நெருப்பு அணைந்துவிட்டது. அதனால் அந்த வாக்குவாதத்தில் அவள் வென்றுவிட்டாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அது இறங்கும்வரை பேசாமல் இருக்க அவளுக்குத் தெரியும். வவுனியாவிலிருந்து வந்த ஒரு லொறிக்காரர் இரக்கப்பட்டு எங்களைக் கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டில் விட்டார். வழி முழுக்க நான் எலியைத் திட்டிக்கொண்டு வந்தேன். எலி கடித்துத்தான் வயர் எரிந்தது என்று அவளுக்குச் சொன்னேன்.

எலி பாவம். குற்றம் என்னுடையது.

அந்தப் பிக்கப்புக்கு எங்கள் மகளைவிட வயது கூட. நான் வாங்கும்போதே அது இரண்டு பேரிடம் உழைத்துக் களைத்திருந்தது. பெற்றோல் கிடைக்காத காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காலையில் கிளப்புவதற்கு மட்டும் குழந்தைக்குப் பால் கொடுக்கும் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பருக்குவேன். பற்றரி, வயர், பல்ப் ஒன்றும் வன்னிக்குள் வராத அந்த நாட்களில், உடைந்த றேடியோவின் வயர், ரெலிபோன் வயர், சைக்கிள் டைனமோ வயர் என்று கையில் அகப்பட்டதை எல்லாம் அதற்குள் செலுத்தியிருந்தேன். மூட்டுகளுக்கு மேல் சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றியிருந்தேன். பியூஸ் போனால் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளைச் சுருட்டிச் செருகுவேன். அவசரத்துக்கு என்றுதான் செருகினேன். அவசரம் முடிந்து எத்தனையோ வருடங்களாகியும் ஈயத்தாள் அங்கேயே இருந்தது. பியூஸ் என்றால் தான் எரிந்து வயரைக் காப்பாற்ற வேண்டும். ஈயத்தாள் தான் தப்பிக்கொண்டு வயரை எரிய விட்டுவிட்டது.

எங்கள் வீடு இரணைமடுவிலிருந்து வரும் வாய்க்கால் ஒன்றின் கரையில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மனைவி கன்றுகள் வளர்க்கிறாள். மா, கொய்யா, தேசி, மாதுளை. மீளக் குடியேறியவர்கள், புதிதாக வேலி போட்டவர்கள், பள்ளிக்கூடங்கள் என்று பலரும் அவளிடம்தான் சொல்லி வைப்பார்கள். மாரி தொடங்கி மண்ணில் முதல் ஈரம் பிடிக்கும்போது கன்றுகள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பிந்தினால் வேர் பையைக் கிழித்துக்கொண்டு நிலத்துக்குள் இறங்கிவிடும். பிறகு கிளப்பினால் வேர் அறுந்து கன்று பட்டுப்போகும். ஒரு வருடத்து உழைப்பு அந்தச் சில கிழமைகளில்தான் தங்கியிருக்கிறது. பிக்கப்பையோ அடுத்த மாதம் பரிசோதனைக்குக் காட்டித் தகுதிச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் வீதியில் இறக்க முடியாது.

"வித்துப்போடுங்கோ அப்பா, உயிர் முக்கியம்," என்றாள் வெளிநாட்டில் இருக்கும் மகள். புகை மணந்ததுபோலப் பழைய இரும்பு வாங்குபவர் ஒருவரும் வேலிப் படலையடியில் வந்து நின்றார். அவரிடம் இரண்டாம் தடவையும் பரிசோதனையில் தவறினால் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. முதல் தடவை தவறுவேன் என்று எனக்கே நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

மனைவி மட்டும் வாசலில் நின்று, "பிக்கப் இரும்புக்குப் போனா என்ரை கண்டுகளை நான் தலையிலை வைச்சே கொண்டு திரியிறது?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அன்று மாலை கன்றுகளுக்குத் தண்ணீர் விடாமல் அவற்றுக்கு நடுவில் சும்மா நின்றதைப் பார்த்தேன். தண்ணீர் விட மறக்கிற ஆள் அல்ல அவள்.

முல்லைத்தீவில் வாகன வயரிங் செய்யும் ஒருவரைப் பற்றி அவள்தான் கேள்விப்பட்டு வந்தாள். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். முல்லைத்தீவு முஸ்லிம் குடும்பம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் இயக்கம் போகச் சொன்ன நாட்களில், வீட்டாரோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, அங்கே லொறிகளுக்குக் கீழே கிடந்து தொழில் பழகி, பிறகு தகப்பனின் காணியைத் தேடித் திரும்பி வந்தவர். அவர்கள் போன நாட்களில் நான் வளர்ந்த ஆள். போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. அதைப்பற்றி அவரிடம் நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

மோட்டார் சைக்கிளில் கருவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். டாஷ்போர்ட்டுக்குக் கீழே தலையை விட்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்குள்ளை ஆரார் கை வைச்சது அண்ணை?"

"நான் ஒராள்தான்."

"ஒராள் செய்த வேலை மாதிரித் தெரியேல்லை," என்றார்.

முழு வயரையும் பிடுங்கிவிட்டுப் புதிதாக இழுக்க வேண்டும் என்றார். ஆனால் பிடுங்குவது நான்தான் என்றும் சொன்னார். "எல்லாம் ஒரே நிறம். எது எங்கை போகுது எண்டு எனக்கு விளங்காது. நீங்கள் கழட்டேக்கை ஒவ்வொரு நுனியிலையும் அது எதுக்கு எண்டு எழுதிக் கட்டிவிடுங்கோ. நான் அதைப் பாத்துப் புதுசைப் போடுவன்."

காகிதத்தில் எழுதிக் கட்டினேன்; எண்ணெயில் ஊறி எழுத்துப் போய்விட்டது. மனைவி தன் கன்றுகளுக்குக் கட்டும் துண்டுகளைக் கொண்டுவந்து தந்தாள். ஐஸ்கிறீம் பெட்டி மூடிகளைச் சின்னச் சின்னப் பட்டிகளாக வெட்டி, ஓட்டை போட்டு, அழியாத மையால் மாவின் இனத்தை எழுதி வைத்திருப்பாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நான் அதில் எழுதிக் கட்டினேன். மூன்று நாட்களில் பிக்கப்பின் வயிற்றுக்குள் ஒரு மாந்தோப்பே தொங்கியது. முன்பக்க லைற் கறுத்தக்கொழும்பான். கோர்ண் விளாட். இடது சிக்னல் அம்பலவி. அவர் வேலை தொடங்கிய பிறகு நான் எழுதியதைத் திருப்பிப் பார்க்கச் சோம்பல்பட்டு, "அண்ணை, அம்பலவிக்குப் பச்சை போடுறன், செம்பாட்டுக்கு மஞ்சள்," என்று சொல்லத் தொடங்கிவிட்டார். கன்றுகளுக்கு நடுவில் இருந்த மனைவி அதைக் கேட்டுச் சிரித்தாள். புகை வந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

எல்லா வயருக்கும் என்ன எழுதுவது என்று தெரிந்தது, ஒன்றைத் தவிர.

டாஷ்போர்ட்டின் இடக்கோடியில், மனைவியின் முழங்காலுக்கு நேரே, வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிப் பூட்டிய ஒரு பித்தளைச் சுவிச் இருந்தது. அதை நூர்த்தால் முன் லைற், பின் லைற், பிறேக் லைற், டாஷ்போர்ட்டின் சின்ன பல்ப் எல்லாம் ஒரேயடியாக அணைந்துவிடும். வெளிச்சத்தோடு இரவில் ஓடினால் மேலிருந்து குண்டு விழும் என்றிருந்த காலத்தில் வன்னியில் ஓடிய பல வாகனங்களில் இப்படி ஏதோ ஒன்று இருந்தது. சண்டை முடிந்து இத்தனை காலமாகியும் எங்களுடையதை நான் கழற்றவில்லை. அன்றைக்கும் கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு துண்டை எடுத்து 'கட்டாயம் வேணும்' என்று எழுதிக் கட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது என்னத்துக்கு?" என்று கேட்டார். "அது இருக்கட்டும் தம்பி," என்றேன். அவரும் இருக்கட்டும் என்று புது வயரை அதனூடாகவே இழுத்தார்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு ஆறுதல். சேசிஸில் ஒரு இடத்தைத் தேர்ந்து, பழைய பெயின்ரையும் துருவையும் உரஞ்சி, இரும்பு பளபளவென்று வெளியே வந்த பிறகுதான் அதில் எர்த் வயரைப் பூட்டினார். முன் லைற்றுக்குத் தனி ரிலே வைத்தார். ஒவ்வொரு வயருக்கும் உரிய பியூஸ். என் ஈயத்தாளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த வெட்கத்துக்கும் நான் அவருக்கு நன்றியுடையவன். எலிக் கதையை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

தேநீர் குடிக்கும்போது அவருக்கு இன்னொரு கதையைச் சொன்னேன். வீட்டுக்கு வரும் எவரும் அதைக் கேட்காமல் போனதில்லை. சண்டையின் கடைசிக் காலத்தில் ஒரு இரவு நாங்கள் இடம்பெயர்ந்து போய்க்கொண்டிருந்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும் பின்னால் நெல்மூட்டைகளுக்கு நடுவில். வானத்தில் சத்தம் கேட்டதும் நான் எல்லா லைற்றையும் நூர்த்துவிட்டு இருட்டில் நிறுத்தினேன். எங்களுக்கு முன்னால் வெளிச்சம் போட்டுக்கொண்டு போன லொறி விடியும்வரை எரிந்தது.

"ஒரு செக்கன் பிந்தியிருந்தா நாங்கள் இல்லை. நான் டக்கெண்டு நூத்திட்டன்," என்று வழக்கம்போல் முடித்தேன்.

இந்தக் கதையை நான் தொடங்கினால் மனைவி ஏதாவது வேலையாகக் குசினிக்கு எழும்பிப் போய்விடுவாள். அன்றும் போனாள். கேட்டு அலுத்துவிட்டது என்றுதான் இத்தனை காலமும் நான் நினைத்திருந்தேன். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பிக்கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பிக்கப்பைப் பார்த்தார். பிறகு, "அல்லாஹ் காப்பாத்தினவன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்கு எழும்பினார்.

எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பியபோது, பிக்கப்பின் முகத்தில் நான் வாங்கிய நாளில்கூடப் பார்த்திராத வெளிச்சம் வந்தது. கிளிநொச்சிக்குப் பரிசோதனைக்குப் போனோம். மனைவியும் வந்தாள். பரிசோதகர் பின்னால் நின்று சொல்வது எனக்குக் கேட்காது. அவள் கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும். அவர் நிதானமான மனிதர். அதற்குச் சம்மதித்தார்.

"இடது சிக்னலாம்," என்றாள். போட்டேன். "வலதாம்." போட்டேன். "பிறேக்காம்." மிதித்தேன். கண்ணாடியில் பரிசோதகர் தலையாட்டுவது தெரிந்தது. பிறகு அவர் திரும்பவும் மிதிக்கச் சொன்னாராம். அது எனக்கு வந்து சேரவில்லை. நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை ஆட்டினார். நான் மிதித்தேன். அவர் இன்னும் பலமாகக் கையை ஆட்டினார். திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் தலையை யன்னலுக்கு வெளியே நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதகர் என் பக்கம் வந்து குனிந்து உரத்துச் சொன்னார். "பின்னுக்கு ஒண்டும் எரியேல்லை ஐயா. எல்லாம் செத்துப்போச்சு."

நான் மறுபடி மிதித்தேன், அவர் பின்னால் போய்ப் பார்த்தார். எல்லாம் எரிந்தது. அவர் தாடையைத் தடவினார். "எரியாத லைற்றைத் திருத்தலாம். எரிஞ்சு நூந்து விளையாடுற லைற்றை நம்பி ரோட்டுக்கு விடேலாது. பாத்துத் திருத்திக்கொண்டு இன்னொருக்கா வாங்கோ." அவர் சொன்னது நியாயம். அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு துளி மழை கண்ணாடியில் விழுந்தது. மனைவி கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் காலையில் வயரிங் செய்தவர் முல்லைத்தீவிலிருந்து வந்தார். நான் தொலைபேசியில் கத்தியது போதாதென்று நேரிலும் கத்தினேன். அவர் ரெஸ்ற் லைற்றை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் போனார். ஒரு மணித்தியாலம் பார்த்தார். உலுக்கிப் பார்த்தார், என்னை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையில் குலுங்கக் குலுங்க ஓடிப் பார்த்தார். எல்லாம் எரிந்தது.

"பிழை ஒண்டும் இல்லையே அண்ணை."

"பிழை இல்லாமலோ அந்தாள் திருப்பி அனுப்பினது? புத்தளத்திலை இப்பிடியே வேலை பழக்கினவை?"

வாயை விட்டு வந்த பிறகுதான் அந்த வார்த்தை எனக்கே குத்தியது. அவர் புத்தளத்துக்கு விரும்பிப் போனவர் அல்ல. அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு ஸ்குறூட்றைவரைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காப் பாப்பம்," என்று சொல்லி மறுபடியும் டாஷ்போர்ட்டுக்குக் கீழே குனிந்தார். அந்தக் கணத்தில் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம். போயிருந்தால் நான் குறை சொல்லியிருக்க முடியாது.

மனைவி கையில் மண்ணோடு கன்றுகளுக்கு நடுவிலிருந்து வந்தாள்.

"அவரை ஏசாதேங்கோ. அவற்றை வேலையிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் நூத்தனான்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து இடது காதைத் திருப்பினேன். அவள் கிட்ட வந்து உரத்துச் சொன்னாள்.

"வண்டு வந்தது."

அந்தச் சொல்லைக் கேட்டுப் பல வருடங்களாகியிருந்தன. மேலே நின்று உளவு பார்க்கும் ஆளில்லா விமானத்தை அந்த நாளில் வண்டு என்றுதான் சொல்வோம். அது சுற்றினால் பின்னால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அங்கை பக்கத்துக் கோயிலிலை கலியாணம். படம் எடுக்கிற பெடியள் கமரா பறக்க விட்டவங்கள். எனக்குக் கண்ணாலை தெரியுது, அது கமரா எண்டு. ஆனா கை கேக்கேல்லை. சத்தம் போனாப்பிறகுதான் என்ரை கை சுவிச்சிலை கிடக்கிறதைக் கண்டனான். திருப்பிப் போட்டிட்டன்."

"அப்ப அங்கையே சொல்லியிருக்கலாமே?"

"வெக்கமாய்க் கிடந்தது. விசரி எண்டுவியள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். புளியங்குளத்துக்கு ஒரு கட்டை முன்னால் நான் கத்தியது எனக்கு இப்போது முழுதாகக் கேட்டது.

அவர் டாஷ்போர்ட்டுக்குக் கீழிருந்து மெல்ல வெளியே வந்தார். சொல்லலாமா விடலாமா என்று யோசிப்பவர்போல ஒரு துணித்துண்டால் விரல்களைத் துடைத்தார். "அண்ணை, கோவிக்காதேங்கோ. நீங்கள் அந்தக் கதை சொன்ன அண்டைக்கே எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் பக்கத்திலை நிண்டு மூண்டு தரம் கூப்பிட்டாத்தான் நீங்கள் திரும்புறியள். பிளேன் சத்தம் எப்பிடிக் கேட்டது? அதோடை உங்கடை கை அங்கை எட்டாது."

நான் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்தேன். ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு இடது கையை நீட்டினேன். ஒரு சாண் எட்டவில்லை. அந்தச் சுவிச்சை அந்த இடத்தில் பூட்டியவன் நானேதான். என் காது போன பிறகு, கேட்கிற ஆளின் கைக்கு எட்டட்டும் என்று பூட்டினேன். அதை எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை.

அந்த இரவில் நடந்தது இதுதான். அவள் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தாள். மணிக்கணக்காக அப்படித்தான் வருவாள். கழுத்து விறைத்துப்போய் அடுத்த நாள் திரும்ப முடியாமல் கஷ்டப்படுவாள். திடீரென்று எல்லாம் இருண்டது. எனக்கு வீதி தெரியவில்லை. பிறேக்கை மிதித்துவிட்டு, "ஏன் நூத்தனீர்? பள்ளத்துக்குள்ளை விடப் பாத்தன்!" என்று அவளைத்தான் ஏசினேன். நான் ஏசி முடிக்கவில்லை, முன்னால் வானம் வெளித்தது. பிறகு முகாமில் யாரோ எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டபோது, "லைற்றை நூத்திட்டம்," என்று சொல்லியிருப்பேன். நூத்திட்டம் என்றது காலப்போக்கில் நூத்திட்டன் என்றாகிவிட்டது. அவள் ஒரு தரம்கூடத் திருத்தவில்லை. எழும்பிக் குசினிக்குப் போனாள்.

ஆசனத்தை விட்டு இறங்கினேன். என் பிள்ளைகள் இன்றைக்கு இருப்பது இந்த மனுஷியின் காதாலும் கையாலும்தான். அந்தக் கைக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்ல வரவில்லை. சொல்ல வந்தது வேறு.

"அதைக் கழட்டி எறியுங்கோ தம்பி," என்றேன்.

"கழட்டினாலும் கை போகும்," என்றாள் மனைவி. "போய், கிடந்த இடத்தைத் தடவிப்போட்டு வரும். அது இன்னும் பொல்லாத வேலை."

அவர் சுவிச்சை விரலால் தட்டிப் பார்த்தார்.

"அப்ப கைக்கு வேறை வேலை குடுப்பம் அக்கா. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கோ."

அவள் யோசிக்கவே இல்லை. "அந்தப் பக்கம் வெக்கை. ஒரு ஃபான் பூட்டித் தாங்கோ."

அவர் சிரித்துவிட்டார். பெட்டியின் அடியில் ஏதோ லொறியிலிருந்து கழற்றிய சின்ன ஃபான் ஒன்று கிடந்தது. லைற் வயரை எல்லாம் சுவிச்சிலிருந்து விடுவித்து நேரே பியூஸ் பெட்டிக்குக் கொண்டுபோனார். இனி எந்தக் கை எங்கே போனாலும் லைற் அணையாது. சுவிச்சிலிருந்து ஒரு புது வயரை இழுத்து அவள் பக்கத்து மூலையில் ஃபானைப் பூட்டினார். அவள் ஏறி இருந்து சுவிச்சைத் தட்டினாள். காற்று அவளுடைய தலைமுடியைக் கலைத்தது. நான் எழுதிக் கட்டிய துண்டை அவர் கழற்றவில்லை. கழற்ற மறந்தாரோ, வேண்டுமென்றே விட்டாரோ, கேட்கவில்லை.

போகும்போது மனைவி ஒரு நல்ல கறுத்தக்கொழும்பான் கன்றைத் தேர்ந்து அவருடைய மோட்டார் சைக்கிளில் கட்டிவிட்டாள். தகப்பனின் காணியில் கிணற்றடிப் பக்கம் வைப்பதாகச் சொன்னார். நான் படலைவரை கூடப் போனேன்.

"தம்பி, நான் சொன்னதை மனதிலை வையாதேங்கோ. சொல்லக் கூடாத சொல்லு."

அவர் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, என் இடது காதுப் பக்கம் குனிந்து, "புத்தளத்திலை நல்லாத்தான் பழக்கினவை அண்ணை," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயதானால் கோபத்தோடு சேர்ந்து இதுவும் கூடிப்போகிறது போலும்.

இரண்டாம் தடவை பரிசோதனையில் எல்லாம் எரிந்தது. எரிந்தபடியே இருந்தது. பரிசோதகர் ஃபானைப் பார்த்து, "வசதிதான்," என்றார். இரும்பு வாங்குபவர் பிறகு வந்தபோது மனைவியே படலையடியில் நின்று பேசி அனுப்பினாள். அவருக்கே ஒரு தேசிக் கன்றையும் விற்றுவிட்டாள்.

முதல் மழைக்கு அடுத்த நாள் விடிய வெளிக்கிட்டு வற்றாப்பளைப் பக்கம் கன்றுகள் கொண்டு போனோம். அம்மன் கோயிலுக்குக் கிட்டே புதிதாக வேலி போட்ட ஒரு காணிக்கு. பின்னால் இலைகள் எல்லாம் மழையில் கழுவித் துலங்கின. வெளிச்சம் போதாமல் நான் முன் லைற்றைப் போட்டிருந்தேன். குளிர்காற்று. யன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது.

திடீரென்று இடப்பக்கத்தில் ஃபான் சுற்றத் தொடங்கியது.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் நேரே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை சுவிச்சில் இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேலே ஏதோ போகிறது என்று ஃபானைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லை. புழுங்குது."

வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். லைற் இரண்டும் முன்னால் ஈர வீதியில் நீளமாக விழுந்து எரிந்துகொண்டிருந்தன. இத்தனை வருடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன்.

"அண்டைக்கு நீர்தான் நூத்தனீர். நீர் நூத்தபடியால்தான் பிள்ளையள் இருக்குதுகள். நான் எல்லாருக்கும் பொய் சொல்லித் திரிஞ்சனான்."

எஞ்சின் சத்தத்துக்கு மேலால், என் இடது காதோடு சாய்ந்து, அவள் சொன்னாள்.

"அது எனக்குத் தெரியும். நீங்கள் ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."